உங்கள் குட்வில்லை நீங்களே எழுத முடியாது

'கூட்டத்துல தனிச்சுத் தெரியணும் சார். அதுக்குப் பேர்தான் பர்சனல் பிராண்ட்!'

இதைச் சொல்லிக்கொடுக்க இப்போது ஊருக்கு ஊர் வகுப்பு வந்துவிட்டது. சும்மா இல்லை, ஃபீஸ் உண்டு. முதல் மூன்று விநாடிக்குள் ஆளைப் பிடித்து நிறுத்து. தினம் ஒரு வீடியோ போடு. சொந்தக் கதையைச் சொல்லு. அழுகை வந்தால் கேமராவை ஆஃப் பண்ணாதே. பாடம் இவ்வளவுதான்.

விளைவைப் பார்க்க திருவண்ணாமலைக்குப் போனால் போதும். பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தனித்துத் தெரிகிறவர்கள்தான். 217 அடி ராஜகோபுரம் ஸ்லோமோஷனில் கீழிருந்து மேலே எழும்பும். நெற்றி நிறைய விபூதி. பின்னணியில் உடுக்கைச் சத்தம். 'இந்த லிங்கத்தோட ரகசியம் தெரியுமா?' என்று ஒரு கேள்வி. நூறு பேர் வீடியோவைக் கலைத்துப் போட்டால் எது யாருடையது என்று பெற்ற தாய்க்கே தெரியாது. எல்லோருக்கும் ஒரே வாத்தியார் என்றால் விடைத்தாள் வேறு எப்படி இருக்கும்?

நான் பி.காம். படித்தவன். அக்கவுண்டன்ஸியில் குட்வில் என்று ஒரு பாடம் வரும். ஒரு கடைக்கு ஊரில் இருக்கிற நல்ல பேருக்கும் ஒரு விலை உண்டு. ஆனால் கடைக்காரர் தன் பேருக்குத் தானே ஒரு விலை போட்டு, பாலன்ஸ் ஷீட்டில் சொத்து என்று எழுதிக்கொள்ள முடியாது. இன்னொருத்தர் காசு கொடுத்து அந்தக் கடையை வாங்கும்போதுதான், வாங்கியவர் கணக்கில் அது ஏறும். நம் நாட்டுக் கணக்கியல் தரம் 26 இன்னும் கறாராகச் சொல்கிறது. தானே வளர்த்த பிராண்ட், பத்திரிகைத் தலைப்பு எதையும் சொத்தாகக் காட்டக் கூடாது. (பத்திரிகை முதலாளிகளும் கவனிக்க!) நல்ல பேர் என்பது அடுத்தவர் போட வேண்டிய என்ட்ரி.

இதே திருவண்ணாமலைக்கு 1896 செப்டம்பர் 1-ம் தேதி மதுரையிலிருந்து பதினாறு வயசில் ஒருவர் வந்து சேர்ந்தார். அண்ணனின் காலேஜ் ஃபீஸுக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டுக்குக் கணக்குச் சொல்லிக் கடிதம் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பியவர். கடிதத்தில் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் வெறும் கோடு. இங்கே வந்தும் பேர் சொல்லவில்லை. தாலுகா ஆபீஸ் தலைமைக் கணக்கர் ஒருவர், பேரைத் தெரிந்துகொள்ளாமல் ஆபீஸுக்கே போகமாட்டேன் என்று அடம்பிடித்த பிறகுதான் 'வெங்கடராமன், திருச்சுழி' என்று எழுதிக் காட்டினார். ரமண மகரிஷி என்று 1907-ல் பேர் வைத்தவர் காவ்யகண்ட கணபதி முனி. வெளிநாட்டுக்குக் கொண்டுபோனவர் பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர், 1934-ல் ஒரு புத்தகம் எழுதி. 1938-ல் சாமர்செட் மாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

'அதுவும் பிராண்டிங்தானே?' என்பீர்கள். ஆமாம், போட்டோ வந்தது, புத்தகம் வந்தது. ஆனால் என்ட்ரி போட்டவர்கள் அத்தனை பேரும் அடுத்தவர்கள்.

வகுப்பில் சொல்கிறபடி நடந்தவரும் இதே ஊர்க்காரர்தான். நித்யானந்தா. வாரப் பத்திரிகைத் தொடர், டி.வி., யூட்யூப் என்று எதையும் அவர் விடவில்லை. 2010-ல் கைதானார். பாலியல் வழக்கு நிலுவையில் இருக்கும்போதே நாட்டை விட்டுப் போய்விட்டார் என்று 2019 கடைசியில் போலீஸ் சொன்னது. வீடியோ நின்றதா? கைலாசா என்று தனி நாடே அறிவித்தார்! 2023 ஜனவரியில் அமெரிக்காவின் நியூவார்க் நகராட்சி, அப்படி ஒரு நாடு உண்டா என்றுகூடப் பார்க்காமல் அதனுடன் சகோதர நகர ஒப்பந்தம் போட்டு, விஷயம் தெரிந்து சில நாளில் ரத்து செய்தது. தனித்துத் தெரிவதில் இவரை மிஞ்ச ஆளில்லை. வகுப்பு எடுக்கிறவர்கள் ஏன் இவரை உதாரணம் காட்டுவதில்லை?

வியாபாரத்துக்கு விளம்பரம் தப்பே இல்லை. இட்லிக் கடை அக்கா ஆவி பறக்க இட்லியைக் காட்டட்டும். ஆரணி நெசவாளர் பட்டுப்புடவையை விரித்துக் காட்டட்டும். காசில்லாதவர்களுக்குச் செல்போன்தான் விளம்பரப் பலகை. இட்லி சரியில்லை என்று நாலு பேர் திட்டினால் நாளைக்கு மாவை மாற்றலாம். சரக்கே நீங்கள்தான் என்றால் எதை மாற்றுவீர்கள்? அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதும் ஒரு எபிசோட் ஆகிறது. குழந்தை விழுந்து அழுததை ரெண்டாவது டேக் எடுக்கிறார்கள். கிரிவலப் பாதையில் மரத்தடியில் தன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் வயசானவரை, ஒரு வார்த்தை கேட்காமல் 'சித்தர்' ஆக்கி வீடியோ போடுகிறார்கள். மறுநாள் அவர் தலையைச் சுற்றி இருபது செல்போன். வருகிற காசில் அவருக்குப் பத்து பைசா கிடையாது. மத்தியானத் தூக்கமும் போச்சு.

இத்தனையும் கொடுத்துக் கட்டுவது சொந்த மனையிலா? அதுவும் இல்லை. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீன ஆப்களுக்குத் தடை போட்டது. அதில் டிக்டாக்கும் ஒன்று. அங்கே ஆடிப் பாடி, நடித்து, திட்டு வாங்கி ஆள் சேர்த்திருந்த நம் பிள்ளைகளால் ஒரு ஃபாலோயரைக்கூட மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. வாடகை வீட்டில் மாடி எழுப்பியவர்களுக்கு வீட்டுக்காரர் சாவியைக் கேட்டால் என்ன ஆகுமோ, அது ஆனது. சிலர் யூட்யூபிலும் இன்ஸ்டாகிராமிலும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அதுவும் வாடகை வீடுதான்.

உங்கள் பையனோ பெண்ணோ அடுத்த வாரம் இந்த வகுப்புக்குப் பணம் கேட்கலாம். உடனே கொடுக்காதீர்கள். வாத்தியாரிடம் அவருடைய வரவு செலவுக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். வரவில் அவருடைய பிராண்ட் சம்பாதித்தது எவ்வளவு, உங்களைப் போன்றவர்கள் கட்டிய ஃபீஸ் எவ்வளவு என்று பிரித்துக் காட்டட்டும், பார்க்கலாம்.