நடக்கச் சொன்னால் மட்டும் போதுமா?

வயிற்று வலிக்கென்றோ, பித்தப்பைக் கல்லுக்கென்றோ, வருஷாந்தரப் பரிசோதனைக்கென்றோ ஸ்கேன் எடுத்துக்கொண்டு வெளியே வருகிறவர்களில் அநேகருடைய கையிலுள்ள தாளில், அவர்கள் தேடிப் போகாத ஒரு வரியும் இக்காலத்தில் காணப்படுகிறது: ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்று. வைத்தியர் அதைப் பார்த்து, "எண்ணெயைக் குறையுங்கள், நன்றாக நடங்கள்" என்கிறார். வலியில்லாத, காய்ச்சலில்லாத, பசியும் குன்றாத ஒரு வியாதியை நம்ப மனமில்லாமல் நோயாளி அந்தத் தாளைப் பீரோவில் வைத்துவிடுகிறார். தேனி மாவட்டத்தின் கம்பத்திலும் கூடலூரிலும் சின்னமனூரிலும் இதுவே நடக்கிறது. வைத்தியர் சொன்ன அந்த இரண்டாவது வார்த்தையை, எவருக்கு, எவ்வளவு, எங்கே என்ற மூன்று விவரங்களும் இல்லாமல் சொல்வதால் விளையும் நஷ்டம் பெரிது என்பதே என் அபிப்பிராயம்.

ஈரலின் அணுக்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்டவற்றில் கொழுப்பு தேங்கினால் அதை வியாதி என்று வைத்திய சாஸ்திரம் கணக்கிடுகிறது. அந்தக் கொழுப்பு நாம் சட்டியில் ஊற்றும் எண்ணெயிலிருந்து மாத்திரம் வருவதன்று. செலவழியாமல் மிஞ்சிய சோறும் சர்க்கரையும் ஈரலுக்குள்ளேயே கொழுப்பாக மாறுகின்றன. தசைகள் வேலை செய்யும்போது, இன்சுலினுடைய தயவை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தம்முள் இழுத்துக்கொள்ளும் சக்தி அவற்றுக்கு உண்டாவதால், ஈரலின் மேல் விழும் சுமை குறைகிறது. ஆகவேதான், எடை ஒரு கிலோகூடக் குறையாதவருக்கும், ஒழுங்கான தேகாப்பியாசத்தினால் ஈரல் கொழுப்பு ஓரளவு குறைவதை ஆராய்ச்சிகள் கண்டிருக்கின்றன. எடையும் சேர்ந்து குறையுமானால் பலன் பன்மடங்காகிறது: எழுபது கிலோ எடையுள்ளவர் மூன்றரைக் கிலோ குறைத்தால் கொழுப்பு தணியும், ஐந்து முதல் ஏழு கிலோ குறைத்தால் ஈரலின் அழற்சியும், சிலருக்குத் தழும்பும்கூடப் பின்வாங்கும். அந்தத் தழும்பை அசட்டை செய்தால் அது முற்றி, ஈரல் சுருங்கிப்போகும் சிரோசிஸ் என்னும் நிலையில் கொண்டுபோய் விடக்கூடும்.

எங்கள் பக்கத்தில் சோறு செலவழியாமல் மிஞ்சுவது எப்படி என்பதற்கு வருவோம். 1895இல் பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பட்டு, மேற்கே ஓடிக்கொண்டிருந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்ததன் பயனாக, லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரையிலுள்ள 14,707 ஏக்கர் வயல்களில் இருபோகம் நெல் விளைந்து வருகிறது. அந்த நெல்லை உழுது, நாற்று நட்டு, களை பறித்து, அறுத்து, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுவந்த தலைமுறைக்கு மூன்று வேளைச் சோறும் தாராளமாகச் செரித்தது. இன்று உழவுக்கு டிராக்டரும் அறுப்புக்கு இயந்திரமும் வந்துவிட்டன. தோட்டத்துக்குப் போவது மோட்டார் சைக்கிளில். விவசாயியின் இடுப்பை ஒடித்த உழைப்பு ஒழிந்ததைப் பற்றி நான் வருந்தவில்லை. அது ஒழிய வேண்டியதே. ஆனால் சரீரத்தின் செலவு குறைந்த அளவுக்குத் தட்டிலுள்ள சோறு குறையவில்லை என்பதும், "நான் விவசாயி, எனக்கெதற்குத் தேகப்பயிற்சி?" என்ற பழைய எண்ணம் மாத்திரம் மாறாமல் இருக்கிறது என்பதும் உண்மை. திராட்சைத் தோட்டத்தின் வரப்பில் நின்று ஆட்களை மேற்பார்வை பார்ப்பதைத் தேகாப்பியாசமாகக் கணக்கில் சேர்க்க முடியாது.

இதற்கு நேரெதிரான நிலையில் இருப்பவர்களை மறந்துவிடக்கூடாது. விடியுமுன்னே ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலையேறி, ஏலக்காய்த் தோட்டங்களில் பகல் முழுதும் சரிவிலே நின்று வேலை செய்துவிட்டு, இருட்டுகிற வேளைக்கு வீடு திரும்பும் பெண்களிடம், "தினமும் முக்கால் மணி நேரம் நடங்கள்" என்று சொல்வது அநியாயம். அவர்களுக்கு வேண்டியது உறக்கம், பருப்பும் முட்டையும் காயும் உள்ள சாப்பாடு, சர்க்கரை குறைந்த டீ. வாரத்தில் ஓய்வு கிடைக்கிற இரண்டொரு நாளில் முதுகுக்கும் முழங்காலுக்கும் பலம் தரும் இலேசான பயிற்சி. அதே தெருவில் நாள் முழுதும் ஜவுளிக்கடையின் கல்லாவில் அமர்ந்திருக்கிறவருக்கோ, வாரத்துக்கு 150 நிமிஷம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் அளவு ஆரம்பம் மாத்திரமே. அதை மெல்ல மெல்ல 300 நிமிஷத்துக்கு உயர்த்துவது அவருக்கு நலம். நடை என்றாலும் கடைத்தெருவில் உலாவும் நடை போதாது. பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அத்தனை வேகம் வேண்டும்.

நடையே எல்லாம் என்ற நம்பிக்கையும் திருத்தப்பட வேண்டியது. உடல் கனத்தவர்களே இந்த வியாதிக்கு அதிகமாக ஆளாகிறவர்கள்; முழங்கால் தேய்ந்தும் மூச்சு வாங்கியும் இருக்கிற அவர்களில் பலரால் வேகமாக நடக்கவும் இயலாது. பளுவை எதிர்த்துச் செய்யும் தசைப் பயிற்சி, குறைந்த சக்தியைச் செலவிட்டும், நடை ஓட்டங்களுக்கு ஏறக்குறைய இணையாக ஈரல் கொழுப்பைக் குறைக்கிறது என்பது 2017இல் ஜப்பானிய வைத்தியர்கள் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. முக்கால் மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள், பன்னிரண்டு வாரம் என்பது அவர்கள் கண்ட அளவு. இதற்கு ஜிம் அவசியமில்லை. நம் பாட்டனார்கள் செய்த தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் இந்த வகையைச் சேர்ந்தவையே. தரையில் தண்டால் எடுக்க இயலாதவர் சுவரில் கைகளை ஊன்றி எடுக்கலாம். பஸ்கி போட இயலாதவர் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரலாம். தண்ணீர் நிறைத்த இரண்டு பாட்டில்கள் வீட்டுப் பெண்களுக்குப் போதிய பளு. கிணற்றில் நீந்தத் தெரிந்தவருக்கு முழங்கால் வலியின் பயமே இல்லை. பழைய சைக்கிளைத் துடைத்து எடுக்கிறவரும் பாக்கியசாலி.

மெலிந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. எடை கூடாமலிருந்தும் வயிறு மட்டும் முன்தள்ளியவர்களுக்கு இந்த வியாதி வருவது நம் தேசத்தில் சாதாரணம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடுப்பளவே இவர்களுக்குத் தராசைவிட நல்ல சாட்சி. மேலும், சர்க்கரை வியாதிக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நெடுந்தூரம் நடந்து மயங்கி விழக்கூடாது. ஈரல் சுருங்கிவிட்டதென்று அறிந்தவர் வைத்தியரைக் கேளாமல் பளு தூக்கக்கூடாது. நடக்கையில் நெஞ்சு அடைப்பவர் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலையில் நடப்பது இரவில் குடித்ததற்குப் பரிகாரமாகும் என்று எண்ணுவதும் தவறு. மது ஈரலுக்குச் செய்யும் தீங்கை எந்தத் தேகாப்பியாசமும் ஈடுசெய்யாது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் இந்த வியாதியைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. அதே வருஷம் ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்தது. 2023 நவம்பரில் நடப்போம் நலம் பெறுவோம் என்ற திட்டத்தில் மாவட்டத்துக்கு ஓர் எட்டு கிலோமீட்டர் நடைப்பாதை குறிக்கப்பட்டது. நல்ல ஆரம்பம்தான். ஆயினும் லோயர் கேம்பிலிருந்து தேனி வரை நீண்டு கிடக்கும் பிரதேசத்துக்கு ஒரு பாதை எவ்விதம் போதும்? கம்பத்து ஜனங்கள் குமுளி நெடுஞ்சாலையின் ஓரத்தில், லாரிகளுக்கும் பஸ்களுக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறார்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வாகனங்கள் பெருகும்போது அதுவும் ஆபத்தாகிறது.

எனவே நகராட்சியும் பேரூராட்சிகளும் பள்ளி மைதானங்களைக் காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை பெண்களுக்கும் முதியவர்களுக்கும் திறந்துவிட ஏற்பாடு செய்ய வேண்டும். கால்வாய்க் கரைகளில் பொருத்தமான இடங்களைத் தேர்ந்து விளக்குப் போட்டுச் செப்பனிட வேண்டும். மருந்து கொண்டு வீட்டுக்கு வரும் சுகாதார ஊழியர் நாற்காலிப் பயிற்சியையும் சுவர்த் தண்டாலையும் ஒருமுறை செய்து காட்டிவிட்டுப் போகலாம். அதற்குச் செலவொன்றும் இல்லை. வைத்தியர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: மாத்திரைக்கு எழுதுவதுபோல, இன்ன பயிற்சி, இத்தனை நிமிஷம், வாரத்தில் இத்தனை நாள், மூன்று மாதம் கழித்து மறு பரிசோதனை என்று அதே சீட்டில் எழுதிக் கொடுங்கள். எழுதித் தராவிட்டால், வாசகரே, நீங்களே கேட்டு வாங்குங்கள்.