மூன்றா, எட்டா?

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, வந்தாறுமூலையைக் கடந்து சித்தாண்டிக்குள் வருவோர், சில வளவுகளிலே தென்னைக்குப் போட்டியாக நிற்கும் இரும்புக் குழாய்களை இன்றும் காணலாம். குழாயின் உச்சியிலே மீன்முள்ளைப் போன்றதோர் அன்ரனா, மலைநாட்டுத் திசையை நோக்கித் தவம் செய்துகொண்டிருக்கும். காரணமின்றி அல்ல. 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி இலங்கை ரூபவாஹினி தொடங்கப்பெற்றபோது, 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையுச்சியிலிருந்தே அதன் அலைகள் நாட்டின் நாற்புறமும் பரவின. மலை அங்கே, நாம் இங்கே, நடுவிலே நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட குன்றும் காடும் வயலும். அத்தனை தூரம் கடந்து வரும் அலை களைத்துப்போய்த்தான் நமது முற்றத்தை அடைகிறது.

அந்தக் களைப்பினால் விளைந்த ஒரு சிறு வழக்கை வாசகர்முன் வைக்க விரும்புகிறோம். வழக்கிலே குற்றவாளி நாமே.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலம். பாடசாலைகள் பூட்டிக் கிடந்தன. பாடங்கள் தொலைக்காட்சி வழியே வந்தன. ஒரு நாள் பின்னேரம், ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும் அயல்வீட்டுப் பையன் கொப்பியுடன் நமது வேலியோரம் வந்து நின்றான்.

"சேர், விடை எட்டு எண்டு சொன்னாங்க. எனக்கு மூண்டுதான் வருது" என்றான்.

ஒரு தெரியாக் கணியத்தின் 3 மடங்குடன் 5ஐக் கூட்டினால் 29 வரும், அக்கணியம் யாது? இதுவே கணக்கு. பையனோ 3 மடங்கு என்பதை 8 மடங்கு என்று எழுதியிருந்தான். அப்படி எழுதினால் விடை 3 என்றுதான் வரும். செய்கையிலே ஒரு பிழையும் இல்லை; பிழையெல்லாம் முதல் வரியிலே.

"கவனமில்லாமல் எழுதினால் கணக்கு எப்படித் தம்பி வரும்?" என்று கடிந்துகொண்டோம். பையன் பதில் பேசவில்லை. ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் இருப்பவர்களுக்கு இப்படியொரு வியாதி உண்டு. மாணவன் மௌனமாக நின்றால் நமது கூற்று நிரூபணமாகிவிட்டது என்று எண்ணிக்கொள்வோம்.

மறுநாள் அவனுடைய வீட்டுக்குச் சென்றபோது அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியைக் கண்டோம். திரை முழுவதும் மார்கழிப் பனி. கரும்பலகையிலே ஆசிரியர் எழுதிய இலக்கம் மூன்றா, எட்டா என்று நமது கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

பரிகாரம் தேடத் தொடங்கினோம். வீட்டிலே ஒரு கணினி இருந்தது. அதன் திரையோ உயர் தெளிவுத் திரை. அதிலே செருகக்கூடிய, கட்டைவிரலளவான ஒரு 'ரியூனர்' வாங்கினோம். வானிலே கலந்து வரும் பல அலைகளிலிருந்து வேண்டிய ஒன்றைப் பிரித்தெடுத்து, கணினிக்குப் புரியும் இலக்கங்களாக மாற்றிக் கொடுப்பதே அதன் தொழில். அன்ரனாக் கம்பியைப் பொருத்தினோம். படம் வந்தது; பனியும் கூடவே வந்தது! திரை பெரிதாகையால் பனித்துளிகளும் பெரிதாயின.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

இதுதான் இவ்விஷயத்திலே குடும்பங்கள் முதலிற் தெரிந்துகொள்ள வேண்டியது. பழைய முறை ஒளிபரப்பில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். அவற்றிலே கண்ணுக்குப் படுபவை 576. முழு உயர் தெளிவுப் படத்திலோ 1,080 கோடுகள். கோடொன்றுக்கு 1,920 புள்ளிகள். ஆகமொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒளிபரப்பு நிலையம் அனுப்பாத புள்ளியை எந்த ரியூனரும் உண்டாக்கித் தராது.

'உயர் தெளிவு' என்ற சொல்லே காலத்துக்கேற்ப மாறி வந்திருக்கிறது. 1936ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி லண்டனிலே பி.பி.சி. தன் தொலைக்காட்சிச் சேவையை ஆரம்பித்தபோது, கூடியபட்சம் 405 கோடுகள் கொண்ட படத்தையே 'உயர் தெளிவு' என்று உலகம் வியந்தது. நாம் இன்று வியப்பதும் நாளை மங்கலாகலாம்.

எனினும், நமது ரியூனர் முற்றாகப் பயனற்றுப் போகவில்லை. கணினி அப்பாடத்தின் மறு ஒளிபரப்பைப் பதிவு செய்துகொண்டது. பதிவைப் பின்னோக்கி ஓட்டிக் கேட்டபோது, எழுதிக்கொண்டே ஆசிரியர் "மூன்று மடங்கு" என்று மெல்லச் சொன்னது செவியில் விழுந்தது. பையனின் வீட்டுத் தகரக் கூரையிலே அன்று மழை கொட்டியிருந்தது. அவனுக்கு அச்சொல் எட்டியிராது. கண் காட்டாததைக் காது காட்டிற்று. அதற்கு வேண்டியிருந்ததெல்லாம் பாடத்தை ஒருமுறை நிறுத்திக் கேட்கும் வசதி மட்டுமே.

இனி, வருங்காலத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பூமியில் நாட்டிய கோபுரங்களிலிருந்து உயர் தெளிவுப் படம் வீடுகளுக்கு வரவேண்டுமானால் ஒளிபரப்பு இலக்கமுறைக்கு மாறவேண்டும். 2003ஆம் ஆண்டு டிசம்பரிலே அம்முறையைத் தரைவழி ஒளிபரப்பில் தொடங்கிய ஜப்பான், 2011ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் திகதி நாட்டின் பெரும்பகுதியிலே பழைய ஒளிபரப்பை நிறுத்தியது. இலங்கை 2014ஆம் ஆண்டிலே ஜப்பானிய முறையாகிய ஐ.எஸ்.டி.பி. - ரி என்பதைத் தெரிந்தெடுத்தது. பத்தாண்டுகள் கடந்த பின்னும், 2024ஆம் ஆண்டிலே, நாடு தழுவிய மாற்றம் நிறைவெய்தியிருக்கவில்லை. இந்தியாவோ ஐரோப்பாவில் உருவான டி.வி.பி. - ரி2 என்னும் முறையைக் கைக்கொண்டு, 2016ஆம் ஆண்டிலே சென்னை உட்பட 16 நகரங்களில் தூரதர்ஷன் வாயிலாக அதனை ஆரம்பித்தது. ஆகவே, சென்னைக்குச் சென்று திரும்பும் உறவினரிடம் "மலிவாக ஒரு ரியூனர் வாங்கி வாருங்கள்" என்று சொல்லியனுப்புவோர் அவசரப்படலாகாது. ஒரு முறைக்கென்று மட்டும் செய்த கருவி மற்ற முறைக்கு உதவாது. பெட்டியின்மேல் எம்முறை எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்த பின்பே பணத்தை எண்ண வேண்டும். செய்மதி அலைகளைப் பெறுவதற்கோ வேறு வகை ரியூனரும் தட்டு அன்ரனாவும் வேண்டும்.

மாற்றம் வரும்போது பழைய பெட்டிகளை வீசிவிடவும் தேவையில்லை. அலையை மாற்றித் தரும் சிறு பெட்டியொன்றை இணைத்தால் அவை தொடர்ந்து படம் காட்டும். ஆனால் உயர் தெளிவு மட்டும் அவற்றிற்கு வாராது. உரிய ரியூனர் பொருத்திய கணினி, தொலைக்காட்சிப் பெட்டியாகவும் பதிவுக் கருவியாகவும் ஒருசேர விளங்கும். இணையத்தின் வழியே பார்ப்பதுபோல் மணிக்கணக்கிற்குத் 'டேட்டா' தீர்ந்துபோகும் என்ற அச்சமும் இல்லை. வானிலே வருவதை வாங்கிக்கொள்வதற்கு மாதக் கட்டணம் ஏது?

ஆனால் ஒரு கவலை நம்மை விடவில்லை. பழைய முறையிலே அலை நலிந்தால் படம் மங்கும். மங்கினாலும் ஏதோ தெரியும், ஒலியாவது கேட்கும். இலக்கமுறையிலே அப்படியன்று. ஓரளவு நலிவைக் கருவி தானே திருத்திக்கொள்ளும். அவ்வெல்லையைத் தாண்டினால் படம் சதுரஞ் சதுரமாக உடைந்து, பின்பு அடியோடு மறைந்துபோகும். போதிய அலை எட்டும் ஊருக்கு அப்பழுக்கற்ற படம். எட்டாத ஊருக்கு வெறுந்திரை. நடுத்தரம் என்பது அங்கே மிகக் குறுகியது.

ஆகையால், மாற்றத்தைத் திட்டமிடும் பெரியோரிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி, "படம் எவ்வளவு தெளிவாக இருக்கும்?" என்பதன்று, "எந்த ஊர்வரை வந்து சேரும்?" என்பதே. சித்தாண்டிக்கும் அதற்கு மேற்கேயுள்ள வயற்புறக் குடியிருப்புகளுக்கும் போதிய அலையைத் தரும் கோபுரம் முதலில் எழவேண்டும். பழைய அலையை நிறுத்தும் நாள் அதன் பின்பே குறிக்கப்படவேண்டும்.

தெளிவான படம் கிரிக்கெட் பார்ப்போருக்கும் சினிமா பார்ப்போருக்கும் உரிய ஆடம்பரம் என்றே ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். ஒரு பிள்ளையின் கொப்பியிலே மூன்று எட்டாக மாறியதைக் கண்ட பின்பு அந்த எண்ணம் போயிற்று.

பதிவைக் கேட்ட அன்று பையனிடம், "தம்பி, பிழை உன்னுடையதன்று" என்று சொன்னோம். அவன் சிரித்துவிட்டு, அடுத்த கணக்கைக் காட்டினான்.