பலகையின் ஓரத்தைக் காட்டுங்கள்

கம்ப்யூட்டர் மேசை மேல் வைக்க மரத்தில் ஒரு மானிட்டர் ஸ்டாண்ட். திரை கண் மட்டத்துக்கு உயர வேண்டும். வேலை முடிந்ததும் கீபோர்டைத் தூக்கி அதன் அடியில் தள்ளிவிட வேண்டும். ஒரு பலகை, இரண்டு கால். இதைவிட எளிய மரச்சாமான் இருக்கிறதா? இதைக்கூட ஆன்லைனில் நம்பி வாங்க முடியவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

'கைவினைஞர்கள் கையால் செய்தது, அசல் ஷீஷம் மரம்' என்று போட்டிருந்தது. விலை ரூ. 2,800. பெட்டியைப் பிரித்தால் உள்ளே இருந்தது எம்.டி.எஃப். மரநாரை அரைத்து, பசை கலந்து, சூட்டில் அழுத்தி எடுக்கிற பலகை. மேலே மர ரேகை அச்சடித்த தாள், ஓரங்களில் அதே நிறத்தில் டேப். காலின் அடிப்பக்கத்தில் மட்டும் டேப் ஒட்டவில்லை. அங்கே விரலை வைத்தால் அமுக்கி வைத்த தவிடு போல உதிர்கிறது.

எம்.டி.எஃப். மட்டமான சரக்கு என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனையோ வீடுகளில் அலமாரிக் கதவுகள் அதில்தான் இருக்கின்றன. அதன் பெயரைச் சொல்லி அதன் விலைக்கு விற்றால் யாருக்கு என்ன புகார்? ஆனால் தண்ணீர் பாட்டிலும் காபி டம்ளரும் பக்கத்திலேயே இருக்கிற மேசை இது. எம்.டி.எஃப். ஓரத்தில் ஈரம் இறங்கினால் உப்பிக்கொள்ளும். காய்ந்த பிறகும் பழையபடி வராது. மரம் என்று நம்பிக் காசு கொடுத்தவன் இதை எதற்குச் சுமக்க வேண்டும்?

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். "நல்ல கனமா இருக்கு பாருங்க சார், அதனால ஒரிஜினல் மரம்தான்" என்றார் பேசியவர். கனத்தை வைத்து எப்படிச் சொல்ல முடியும்? தேக்கு ஒரு கன மீட்டர் சுமார் 650 கிலோ எடை வரும், எம்.டி.எஃப். 700, 750 கிலோ என்று அதையும் தாண்டிவிடும். மரத்தைக் காட்டிக்கொடுப்பது ஓரம். நிஜப் பலகையில் மேலே ஓடும் ரேகை விளிம்பில் திரும்பிக் கீழே இறங்கும். வெட்டு முகத்தில் வளையங்களும் நுண்துளைகளும் தெரியும். அச்சுத் தாளுக்கு அது வராது. எனக்கு வந்த ஸ்டாண்டில் பலகையின் இடது பக்கம் இருக்கும் கணு, அச்சு மாறாமல் வலது பக்கமும் இருக்கிறது. செடி, காபிக் கோப்பை, மஞ்சள் விளக்கு என்று விதவிதமாகப் படம் போட்டவர்கள் அந்த வெட்டு முகத்தை ஒரு படத்தில்கூடக் காட்டவில்லை.

அளவிலும் இதே கதை. நீளம் 18 அங்குலம் என்றார்கள். அது வெளி அளவு. கால் ஒவ்வொன்றும் முக்கால் அங்குலத் தடிமன். உள்ளே மிஞ்சுவது பதினாறரை. எண் பகுதியோடு கூடிய முழு அளவு கீபோர்டு பெரும்பாலும் 17 அங்குலமாவது வரும். அடியில் நுழையவே நுழையாது. விளம்பரப் படத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது எண் பகுதி இல்லாத சின்னக் கீபோர்டு. உள் அளவை ஒரு வரியில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

திருப்பி அனுப்பக் கேட்டபோது வந்த பதில்தான் எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைத்தது. 'கையால் செய்யும் பொருட்களில் சிறு வேறுபாடுகள் இயல்பு. எனவே ரிட்டர்ன் கிடையாது.' கையால் செய்வதில் வேறுபாடு வரும்தான். நிறம் கொஞ்சம் ஏறும், இறங்கும். ரேகை ஒரு பலகையில் நேராக ஓடும், இன்னொன்றில் சுழித்துக்கொள்ளும். மரமே இல்லாமல் போவதும் வேறுபாடா? எந்தத் தச்சனின் கையும் படாத பொருளை விற்றுவிட்டு, அந்தக் கையையே கேடயமாகப் பிடிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், திரும்பப் பெற மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது. விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாருக்கு ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். எனக்கு வந்ததோ எல்லோருக்கும் அனுப்புகிற அதே நாலு வரி.

தெருமுனைப் பட்டறை ஆசாரியிடம் ஸ்டாண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் தட்டிப் பார்த்தார், ஓரத்தை நகத்தால் சுரண்டினார். "இது பலகையே இல்ல தம்பி. இந்தக் காசுக்கு வாகையிலயோ வேங்கையிலயோ நான் இழைச்சுக் குடுத்திருப்பேனே" என்றார். கீபோர்டு எத்தனை அங்குலம் என்று கேட்டுவிட்டு, மரம் நன்றாகக் காய்ந்ததா என்பதைப் பற்றித்தான் வெகுநேரம் பேசினார். ராஜஸ்தான் மாதிரி வறண்ட ஊரில் காய்ந்த பலகை சென்னைக் கடற்காற்றுக்கு வந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீளம் அவ்வளவாக மாறாது, அகலம்தான் கூடும். அதற்கு இடம் விட்டு மூட்டுப் போடாவிட்டால் பலகை வளையும், இல்லையென்றால் வெடிக்கும். வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டிய விஷயம் இது. நான் பார்த்த எந்த விற்பனைப் பக்கத்திலும் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

'கையால் செய்தது' என்று தேடினால் அந்த ஆசாரி வர மாட்டார். தாள் ஒட்டும் தொழிற்சாலைகள்தான் வரிசையாக வருகின்றன. அரும்பாவூரிலும் கள்ளக்குறிச்சியிலும் மரம் செதுக்குகிறவர்களின் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. நாளைக்கு அவர்களில் ஒருவர் கம்ப்யூட்டர் மேசைக்கென்று நல்ல வாகையில் ஒரு ஸ்டாண்ட் செய்து ஆன்லைனில் போட்டால், ஒருமுறை ஏமாந்தவன் அதை நம்புவானா? அவர் சொல்லும் நியாயமான கூலி, தாள் ஒட்டியவன் விலைக்குப் பக்கத்தில் கொள்ளையாகத் தெரியாதா? என் ரூ. 2,800 போனதைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. என்ன மரம், எந்த ஊர்ப் பட்டறை, உள் அளவு எவ்வளவு. கூடவே வெட்டு முகத்தின் படம் ஒன்று. நிஜமாகவே மரத்தில் செய்கிறவருக்கு இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தாக்கல் செய்யலாம், இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் இல்லை. பணம் திரும்ப வந்தாலும் விடுவதாக இல்லை. அந்த விற்பனைப் பக்கத்திலிருந்து 'அசல் ஷீஷம்' என்பதை எடுக்க வேண்டும். இதை எழுதுகிற இந்த நேரத்திலும் அது அங்கேயேதான் இருக்கிறது, அதே படத்தோடு, அதே விலைக்கு.