பாசாங்குத் தூக்கம்

மனிதரை விற்றுப் பிழைப்போரின் பணம் எங்கே போய்ச் சேர்கிறது? நிலவறைக்குள்ளா? நெற்பெட்டிக்குள்ளா? இல்லை; அது வங்கிக்குப் போகிறது. கட்டாய உழைப்பினால் ஆண்டுதோறும் ஈட்டப்படும் சட்டவிரோத இலாபம் 23,600 கோடி டொலர் எனச் சர்வதேசத் தொழில் தாபனம் 2024இல் மதிப்பிட்டது. பத்தாண்டுகளுக்கு முன், 2014இல், அதே தாபனம் கூறிய தொகை 15,000 கோடி டொலர். இத்துணைப் பெருந்தொகை வங்கிகளின் வாயிலை மிதியாமல் உலகை வலம்வர இயலுமா?

இக்கேள்விக்கு விடையாகவே, வங்கிகளைக் காவலாளராக்கும் சட்டங்கள் எழுந்தன. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் வங்கி இரகசியச் சட்டத்தின் வழிவந்த விதிகள், ஐயத்துக்குரிய கொடுக்கல் வாங்கல்களை அரசுக்கு அறிவிக்குமாறு வங்கிகளைப் பணிக்கின்றன. மனித வியாபாரத்தைக் கண்டுகொள்வதற்கான அடையாளங்களைத் திறைசேரியின் நிதிக்குற்றத் தடுப்புப் பிரிவு 2014இல் வெளியிட்டு, 2020இல் மேலும் விரித்தது. இடையில், 2018 ஏப்பிரலில், மனித வியாபாரிகளுக்கு வங்கி வசதியை இல்லாதொழிக்கும் சட்டமூலமொன்றை அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. ஊழியர்க்கு அளிக்கும் பயிற்சியையும், வங்கிகளைப் பரிசோதிக்கும் முறைகளையும் இந்நோக்கத்துக்கேற்பத் திருத்துவதே அதன் சாரம்.

அவ்வடையாளங்கள் யாவை? கருமபீடத்தின் முன் ஒரு பெண் நிற்கிறாள். அவளுக்காக வேறொருவன் பேசுகிறான். அவளது அடையாளப் பத்திரம் அவன் கையில் இருக்கிறது. தொழிலாளியின் சம்பளக் காசோலை பணமாக்கப்படுகிறது. பணத்தின் பெரும்பகுதியை முதலாளியே எடுத்துக்கொள்கிறான். ஒருவரோடொருவர் தொடர்பற்ற பலர் ஒரே முகவரியைக் கொடுத்துக் கணக்குத் திறக்கின்றனர். இவற்றைக் கவனிக்கக் கற்பிப்பது வீண்வேலை என்று நான் கூறேன். விழிப்புள்ள ஒரு காசாளர் ஓர் உயிரை மீட்கக்கூடும். 2016இல் கனடாவில் வங்கிகளும் அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவும், மனித வியாபாரத்திலிருந்து மீண்ட ஒருவரின் அனுபவத்தையும் துணைக்கொண்டு, இப்பணியைக் கூட்டாகத் தொடங்கியது வரவேற்கத்தக்கதே.

ஆனால், இச்சட்டங்களின் அடியில் ஓர் எண்ணம் மறைந்து கிடக்கிறது. வங்கிகளுக்குக் கண் தெரியவில்லை, கண்ணைக் கொடுத்தால் அவை காணும் என்பதே அது. இது உண்மையா?

ஜெப்ரி எப்ஸ்டீனின் கதையைப் பாருங்கள். சிறுமியொருத்தியைப் பாலியல் தொழிலுக்கு நாடிய குற்றத்தை அவன் 2008இல் புளோரிடா நீதிமன்றில் ஒப்புக்கொண்டான். உலகறிந்த அக்குற்றவாளியை ஜே.பி. மோர்கன் வங்கி மேலும் ஐந்தாண்டுகள், 2013 வரை, தன் வாடிக்கையாளனாக வைத்திருந்தது. உள்ளிருந்த ஊழியர் சிலர் எச்சரித்தமை பின்னர் நீதிமன்ற ஆவணங்களில் வெளிப்பட்டது. அங்கிருந்து வெளியேறியவனை டொய்ச்சே வங்கி வரவேற்றது. நான்காண்டுகளில் அவனுடைய வழக்கறிஞர் 8 இலட்சம் டொலருக்கு மேல் ரொக்கமாக எடுத்தார் என நியூயோர்க் மாநில நிதித்துறை 2020இல் எடுத்துக்காட்டி, வேறு குறைகளையும் சேர்த்து அவ்வங்கிக்கு 15 கோடி டொலர் தண்டம் விதித்தது. இங்கே காசாளருக்குப் பயிற்சி போதாமையா குற்றம்? காசாளர்கள் அல்லவா கண்டவர்கள்! மேன்மாடத்தில் இருந்தோர் அல்லவா காண மறுத்தவர்கள்!

அவுஸ்திரேலியாவின் கதையும் வேறன்று. பிலிப்பைன்சுக்கு அடிக்கடி அனுப்பப்படும் சிறு சிறு தொகைகள் குழந்தைகளைப் பாலியற் கொடுமைக்கு ஆளாக்குவதோடு தொடர்புடையனவாக இருக்கலாம் என்பதை 2013 முதலே அறிந்திருந்தும் வெஸ்ட்பாக் வங்கி தக்கபடி கண்காணிக்கவில்லை என 2019இல் அரச நிறுவனம் வழக்குத் தொடுத்தது. சட்டமீறல்களின் எண்ணிக்கை 2 கோடி 30 இலட்சத்துக்கும் மேல். 2020இல் வங்கி 130 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் செலுத்தியது.

“தண்டம் கட்டினார்களே, அது போதாதா?” என்று கேட்போர் உளர். கணக்குப் பார்ப்போம். எப்ஸ்டீனால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஜே.பி. மோர்கன் வங்கி 2023இல், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, 29 கோடி டொலர் கொடுக்க இணங்கியது. அதே ஆண்டில் அவ்வங்கியின் இலாபம் ஏறத்தாழ 5,000 கோடி டொலர். பெண்களின் சிதைந்த வாழ்வுக்கு ஈடாக வைக்கப்பட்டது, வங்கியின் இரண்டு நாள் இலாபம்! இதைத் தண்டனை என்பதா? வியாபாரச் செலவு என்பதா?

மற்றொரு முரணையும் நோக்குக. கள்ளப்பணம் ஒளிந்துகொள்ளும் இடம் பெயர்ப்பலகை மட்டுமேயுள்ள போலிக் கம்பனி. அவற்றின் மெய்யான உரிமையாளர் யாவர் என்பதை அரசுக்கு அறிவிக்க வேண்டுமென்று அமெரிக்காவில் 2021இல் சட்டம் பிறந்தது. 2025 மார்ச்சில் திறைசேரியே உள்நாட்டுக் கம்பனிகள் அனைத்துக்கும் அதிலிருந்து விலக்களித்தது. கீழே நிற்கும் காசாளரை நோக்கி ‘விழித்திரு’ என்று கட்டளையிடும் கை, மேலே இருப்பவரின் முகத்துக்குத் திரையிடுகிறது.

இந்த அநீதியின் பாரம் யார் தலையில் விழுகிறது? வியாபாரிகள் தாம் அடிமைப்படுத்தியவர்களின் பெயரிலேயே கணக்குத் திறந்து, கடனும் வாங்குகின்றனர். மீண்டு வந்த பெண் புதுவாழ்வு தேடி வங்கிக்குச் சென்றால், அவளது பெயரே சந்தேகப் பெயராகி நிற்கிறது. அவ்வாறு சுமத்தப்பட்ட கடன்களை அவளுக்கெதிராகப் பதிவுசெய்வதைத் தடுக்கும் விதி அமெரிக்காவில் 2022இலேதான் வந்தது. கணக்கும் இன்றிக் கடன்பெறும் வழியும் இன்றி நிற்பவளை மறுபடியும் சுரண்டல்காரன்தானே ‘வா’ என்று அழைப்பான்?

எனவே, நாம் கேட்க வேண்டுவன மூன்று. எச்சரிக்கையை அறிந்தும் புறக்கணித்த பணிப்பாளர் தம் சொந்தப் பெயரில் நீதிமன்றில் நிற்க வேண்டும். கம்பனிகளின் மெய்யான உரிமையாளர் பெயர்கள் வெளிச்சத்துக்கு வர வேண்டும். மீண்டு வந்தவர்க்கு வங்கியின் கதவு உரிமையாகத் திறக்க வேண்டும். இவையின்றி இயற்றப்படும் சட்டம், ஊழியர்க்கு மற்றுமொரு படிவத்தையும் வங்கிக்கு மற்றுமொரு சாக்கையுமே தரும்.

தூங்குபவனை எழுப்பலாம், தூங்குவதுபோற் பாசாங்கு செய்பவனை எழுப்ப முடியாது என்பர் நம் முன்னோர். பாசாங்கு செய்பவனுக்கு இலாபம் கிடைக்கும்வரை அவன் எழப்போவதில்லை. அந்த இலாபத்தில் கைவைக்கும் சட்டமே அவனை எழுப்பும்.