தற்செயல் என்னும் கட்டுக்கதை

விஞ்ஞானக் கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் தற்செயலின் கொடை என்ற கருத்து, பாடநூல்முதல் மேடைப்பேச்சுவரை ஓயாது எடுத்துரைக்கப்படுகின்றது. கண்ணாடிப் பீங்கானின் பிறப்பு இதற்கு வாய்ப்பான சான்றாகக் காட்டப்படுவதுண்டு. 1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கோர்னிங் நிறுவன ஆய்வாளர் டொனால்ட் ஸ்ரூக்கி 600 பாகை செல்சியசில் சூடாக்க எண்ணிய கண்ணாடித் தகடு, உலையின் கட்டுப்பாடு பழுதுற்றமையால் 900 பாகையை எட்டியது. உருகிப்போயிருக்க வேண்டிய தகடோ பால்வெண்மையாய்த் திண்மை பெற்றிருந்தது. கைதவறி நிலத்தில் வீழ்ந்தும் உடையவில்லை. கதை இவ்வளவில் நிறுத்தப்படுகின்றது.

நிறுத்தப்படும் இடமே பிழையானது. அத்தகட்டின் கண்ணாடியில் வெள்ளி முன்னரே திட்டமிட்டுச் சேர்க்கப்பட்டிருந்தது. பளிங்குகள் வளரக் கருவாய் அமைந்தவை அவ்வெள்ளியின் நுண்துணிக்கைகளே. அவை அங்கிருந்தமைக்குக் காரணம் உலையின் பழுதன்று, ஆண்டுக்கணக்கான உழைப்பு. சாதாரண யன்னற் கண்ணாடியை வைத்த உலை பழுதுற்றிருந்தால் எஞ்சியிருப்பது திருத்தச் செலவு மட்டுமே! இக்கதையின் கேடு சிறிதன்று. மாணவன் குறிப்பேட்டை மறந்து அதிர்ஷ்டத்தை எதிர்பார்க்கின்றான். ஆய்வுகூடத்துக்குப் பணம் ஒதுக்க மனமில்லாதோர்க்கும் அது நல்ல சாட்டாகின்றது.

இருளில் ஒளிரும் பொருள்களின் வரலாறும் இதனையே காட்டும். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பொலோனா நகரத்துச் செருப்புத் தொழிலாளி வின்சென்சோ கசியரோலோ பொன்னாசையாற் சுட்ட கல் இருளில் ஒளிர்ந்தது. அது மெய்யாகவே தற்செயல். ஆதலாற்றான் நெடுங்காலம் வேடிக்கைப் பொருளாய்க் கிடந்தது. யப்பானின் நெமோட்டோ நிறுவனத்தாரோ கதிர்த்தொழிற்பாடற்ற ஒளிர்பூச்சைத் தேடியே ஸ்ரொன்சியம் அலுமினேற்றை நாடினர். யூரோப்பியத்தோடு திஸ்புரோசியமும் சேர்த்த அப்பொருள் பற்றிய ஆய்வுக்கட்டுரை 1996 இல் வெளிவந்தது.

அதன் தூள் நீர்பட்டால் சிதையும். ஒளியைச் சிதறடிப்பதால் அதன் மேற்படையே பெரிதும் ஒளிரும். கண்ணாடியை மீளச் சூடாக்கி, ஒளிபுகும் தன்மை கெடாது உள்ளே பளிங்குகளை வளர்த்தால் முழுத் தடிப்புமே ஒளியைச் சேமிக்கும். எனினும் அவ்வலுமினேற்று உருக ஏறத்தாழ 2000 பாகை வேண்டும். குளிர்கையிலும் அது எளிதிற் கண்ணாடியாவதில்லை. போரன் ஒட்சைட்டு வெப்பநிலையைத் தாழ்த்தும், மிகையானால் வேண்டாத பளிங்குகளையும் பிறப்பிக்கும். யூரோப்பியத்தை இருவலு நிலையில் வைத்திருக்கத் தாழ்த்தும் வளிமண்டலம் தேவை. பளிங்குகள் ஒளியின் அலைநீளத்தினும் மிகச் சிறியனவாகவோ, கண்ணாடியின் முறிவுச் சுட்டியோடு ஒத்தனவாகவோ இராவிடின் யாவும் மங்கிவிடும்.

இவற்றுள் எதனை உலையின் பழுது தீர்த்துவைக்கும்?