நோட்டீஸ் பதுளையில், நியாயம் புதுக்கடையிலா?

 

தோட்டப்புறத்தில் படிப்பிக்கும் நாங்கள் பிள்ளைகளின் கொப்பியை மட்டும் பார்ப்பதில்லை. பெற்றார் கொண்டுவரும் கடிதங்களையும் வாசித்துச் சொல்கிறோம். அதில் எங்களையே நடுங்க வைப்பது, 30 நாளில் காணியை விட்டு வெளியேறச் சொல்லும் அறிவித்தல்.

தோட்டக் காணிகளில் பெரும்பகுதி அரச காணி. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, வெளியேறாவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றம் போகும். அங்கே கேட்பது ஒன்றுதான்: அரசு தந்த செல்லுபடியான எழுத்து அனுமதி உண்டா? மூன்று தலைமுறையாக இருக்கிறோம் என்பது பதில் ஆகாது. இல்லையென்றால் பிஸ்கல் வந்து சாமானை வெளியே வைப்பார். அந்தக் கட்டளைக்கு மேன்முறையீடு கிடையாது. விசேட காரணம் காட்டி, மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மட்டும் கேட்கலாம்.

அறிவித்தலே பிழை என்றால்? அதை ரத்துச் செய்ய ரிட் கட்டளை வேண்டும். பக்கத்து மாவட்டமான நுவரெலியாவின் இராகலை, ஸ்டெஃபர்ட் தோட்ட வழக்கில் 2013இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அரச காணி அதிகாரம் மாகாணத்துக்குரியதல்ல, ஆகவே மாகாண மேல் நீதிமன்றம் இதில் ரிட் வழங்க முடியாது. அன்றிலிருந்து நம் மக்கள் போக வேண்டியது கொழும்பு புதுக்கடை, மேன்முறையீட்டு நீதிமன்றம்.

தீர்ப்பை மதிக்கிறோம். எந்த நீதிமன்றத்துக்கும் எல்லை வேண்டும் என்பதும் சரிதான். ஆனால் வெளியேற்றும் பிஸ்கல் பதுளையில் இருக்க, அவரை நிறுத்தக்கூடிய நீதிமன்றம் 200 கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பது என்ன நியாயம்? நாட்சம்பளத்தை விட்டுவிட்டு, பஸ் காசும் சட்டத்தரணி காசும் தேடுவதற்குள் 30 நாள் முடிந்துவிடும்.

இதை மாற்ற அரசியலமைப்பைத் திருத்தத் தேவையில்லை. 154த உறுப்புரையின்படி, மாகாண மேல் நீதிமன்றத்துக்கு வேறு அதிகாரங்களைப் பாராளுமன்றம் சாதாரண சட்டத்தாலேயே கொடுக்கலாம். மேடைக்கு மேடை காணி உரிமை பேசும் ஊவா பிரதிநிதிகளிடம் இந்த ஒன்றைக் கேளுங்கள்.

அதுவரை, கடிதம் வந்தால் தலையணைக்குக் கீழே வைக்காதீர்கள். அன்றைக்கே சட்ட உதவி ஆணைக்குழுவின் பதுளை நிலையத்துக்குப் போங்கள். பழைய அனுமதிக் கடிதம், தோட்ட நிர்வாகம் தந்த துண்டு, எதையும் எறியாதீர்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள். நாங்கள் இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.