லைஃப்டைம் ஆயில்: யாரோட லைஃப்டைம்?

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கறதைப் பத்தின வீடியோவில் வட்டி, இஎம்ஐ, ஆர்.சி. மாற்றம் எல்லாம் பேசியாச்சு. விலையில தெரியாத ஒரு பாக்கியை மட்டும் இன்னும் பேசல. அது ஆட்டோமேட்டிக் காரோட கியர்பாக்ஸ்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கும்போது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குங்கறதைவிட கியர்பாக்ஸ் ஆயில் மாத்தின பில் இருக்காங்கறது முக்கியம். பில் இல்லன்னா, அந்தச் செலவை முந்தைய ஓனர் செய்யாம உங்க தலையில வச்சுட்டுப் போறார்னு அர்த்தம். அதை விலையில கழிக்கணும். கழிக்க மாட்டேன்னா வேற வண்டி பாருங்க.

ஞாயிற்றுக்கிழமை கார்

செவ்வாப்பேட்டை மாதிரி ஊர்ல வேலைக்குப் போறவங்களை யோசிங்க. அம்பத்தூர் போறவங்க செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன்ல ரயில் பிடிப்பாங்க. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ ஒரகடத்துக்கோ போறவங்க கம்பெனி பஸ்ல ஏறுவாங்க. கார் வீட்டு வாசல்ல நிக்கும். ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு மட்டும் வெளியே வரும். ஏழெட்டு வருஷத்துல 30,000 கிலோமீட்டர்கூட தாண்டியிருக்காது.

"கம்மியா ஓடின வண்டி சார்"னு இதையே விற்பனைப் பேச்சா சொல்வாங்க. ஆனா கியர்பாக்ஸ் ஆயிலுக்கு கிலோமீட்டர் மட்டும் வயசு இல்ல, வருஷமும் வயசுதான். பல கார் கம்பெனிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செஞ்சு கொடுக்கற ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, ஓட்டற விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள்ள, அல்லது அதிகபட்சம் எட்டு வருஷத்துக்குள்ள ஆயில் மாத்தச் சொல்லுது. அதே நிறுவனத்தோட கியர்பாக்ஸ் போட்ட சில கார்கள் "லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்"னு விற்கப்பட்டிருக்கு.

இதுல யாரோட லைஃப்டைமைச் சொல்றாங்க? புதுசா வாங்கினவர் அஞ்சாறு வருஷத்துல வித்துட்டுப் போயிடுவார். அவர் வச்சிருக்கற வரைக்கும் பழைய ஆயிலே தாங்கும். மாத்தாம விட்டதுல அவருக்கு மிச்சம், அதோட விளைவு உங்களுக்கு. அவர் கெட்டவர்னு நான் சொல்லல. செலவு பண்றவர் ஒருத்தர், பலன் அடையறவர் இன்னொருத்தர்னா யாருமே செலவு பண்ண மாட்டாங்க.

இன்னொரு விஷயம். பல கார்களோட ஓனர் கையேட்டில் சாதாரண ஓட்டம், கடினமான ஓட்டம்னு ரெண்டு அட்டவணை இருக்கும். நின்னு நின்னு போற டிராஃபிக், தூசி, வெயில் எல்லாம் கடினமான ஓட்டத்துல வரும். ஆவடியிலிருந்து திருநின்றவூர் வரைக்கும் சி.டி.எச். ரோட்டுல சாயங்காலம் ஓட்டிப் பாருங்க. உங்களுக்கு எந்த அட்டவணைன்னு புரிஞ்சிடும்.

ஒரே பேரு, வேற வேற கியர்பாக்ஸ்

"ஆட்டோமேட்டிக்"னு விளம்பரத்துல போட்டா அது ஒரே பொருள் இல்ல. நம்ம இருங்காட்டுக்கோட்டையில் செய்யற ஹூண்டாய் க்ரெட்டாவையே எடுத்துக்கோங்க. 2020ல் வந்த மாடல்ல சாதாரண பெட்ரோலுக்கு ஐவிடி, அதாவது ஒரு வகை சிவிடி. டீசலுக்கு டார்க் கன்வெர்ட்டர். டர்போ பெட்ரோலுக்கு டிசிடி. பாடி ஒண்ணுதான், பராமரிப்புக் கணக்கு மூணு.

ஏஎம்டி: மாருதி செலேரியோ 2014ல் பிரபலமாக்கின வகை. உள்ளே இருக்கறது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்சும்தான். உங்க காலுக்கும் கைக்கும் பதிலா ஒரு ஆக்சுவேட்டர் வேலை செய்யுது. கிளட்ச் தேயும், மாத்தலாம். நாலு வகையில பயம் குறைவானது இதுதான்.

டார்க் கன்வெர்ட்டர்: இன்ஜின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தறதே ஆயில்தான். உள்ளே கிளட்ச் தேயற தூளும் அதுலயே சேரும். ஆயிலை மாத்திட்டே வந்தா ரொம்ப நாள் உழைக்கும்.

சிவிடி: ரெண்டு புல்லிக்கு நடுவுல ஒரு ஸ்டீல் பெல்ட். அது வழுக்காம பிடிக்கறதுக்கு அந்தக் கம்பெனி சொன்ன ஆயிலே வேணும். விலை கம்மின்னு வேற ஆயில் ஊத்தினா பெல்ட்டும் புல்லியும் சேர்ந்து போகும். நிசான் தன் சிவிடி பிரச்சினைக்காக 2009ல் அமெரிக்காவில் வாரன்டியை 10 வருஷமா நீட்டிச்சது.

டிசிடி: ரெண்டு கிளட்ச். வோக்ஸ்வேகனோட ஆறு கியர் ஈரக் கிளட்ச் டிஎஸ்ஜிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும். ஏழு கியர் உலர் கிளட்ச் வகையில், அதே கம்பெனி 2013ல் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைச்சு ஆயில் வகையையே மாத்திக் கொடுத்தது.

மறைமலை நகர்ல தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் இன்னொரு பாடம். 2017 ஃபேஸ்லிஃப்டுக்கு முன்னாடி வந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக்ல இரட்டைக் கிளட்ச், அதுக்கப்புறம் வந்ததுல டார்க் கன்வெர்ட்டர். ஃபோர்டு பவர்ஷிஃப்ட் இரட்டைக் கிளட்ச் வண்டிகளோட புகார்களைக் கையாண்ட விதத்துக்காக, ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018ல் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிச்சது. ஃபோர்டு 2021ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தறதா அறிவிச்சது. அதனால பழைய ஈகோஸ்போர்ட் பார்க்கறவங்க மாடல் பேரோட நிக்காதீங்க, தயாரிப்பு மாசத்தையும் வருஷத்தையும் பாருங்க.

கணக்கு போடுவோம்

ஒரே மாடல், ஒரே வருஷம், ரெண்டும் சிவிடி. முதல் வண்டி 45,000 கி.மீ., விலை ரூ.4,80,000, கியர்பாக்ஸ் பில் இல்ல. ரெண்டாவது 68,000 கி.மீ., விலை ரூ.5,05,000, பில் இருக்கு. பெரும்பாலானவங்க முதல் வண்டியைத்தான் எடுப்பாங்க.

இனி வர்ற எண்கள் கணக்குக்காக நானா வச்சுக்கறது, புள்ளிவிவரம் இல்ல. வாங்கின உடனே ஆயில் மாத்த ரூ.10,000. கியர்பாக்ஸ் கைவிட்டா ரூ.1,50,000. அப்படி ஆக பத்துல ஒரு வாய்ப்புன்னா அதோட மதிப்பு ரூ.15,000. மொத்தம் ரூ.5,05,000. "மலிவான" வண்டி இப்போ மற்ற வண்டிக்குச் சமம். வாய்ப்பு அஞ்சுல ஒண்ணுன்னா ரூ.5,20,000.

சமம்னா எதை வேணா வாங்கலாமான்னு கேட்டா, கூடாதுன்னுதான் சொல்வேன். அம்பது வண்டி வச்சிருக்கற டீலருக்கு ஒண்ணுல நஷ்டம் வந்தா மத்ததுல ஈடுகட்டிடுவார். உங்ககிட்ட இருக்கறது ஒரே வண்டி. 4 லட்சம் கடன், 12% வட்டி, அஞ்சு வருஷம்னா இஎம்ஐ சுமார் ரூ.8,900. ஒன்றரை லட்சம் ரிப்பேர்ங்கறது கிட்டத்தட்ட 17 மாச இஎம்ஐ, ஒரே மாசத்துல. அப்போ கிரெடிட் கார்டு எடுப்பீங்க, இல்லன்னா பர்சனல் லோன். கஷ்டம் அங்கதான் ஆரம்பிக்குது.

இன்ஷூரன்ஸ் வரும்னு நினைக்காதீங்க. வழக்கமான மோட்டார் பாலிசியில் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் விலக்கு. டீலர் தர்ற வாரன்டியில் கியர்பாக்ஸ் சேர்ந்திருக்கா, எவ்வளவு தொகை வரைக்கும்னு எழுத்துல பாருங்க.

அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி

கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஓனர் மூலமா முழு சர்வீஸ் வரலாறு வாங்குங்க. "ஃபுல் சர்வீஸ் ரெக்கார்டு"னு காட்டற தாள்ல பெரும்பாலும் இன்ஜின் ஆயில்தான் இருக்கும். கியர்பாக்ஸ் ஆயில்னு தனி வரி இருக்கான்னு தேடுங்க. வெளி மெக்கானிக்கிட்ட மாத்தினேன்னா, எந்த ஆயில்னு பேர் இருக்கற பில் கேளுங்க.

காலையில இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. ரிவர்ஸ், டிரைவ் போடும்போது தாமதமோ அடியோ இருக்கான்னு பாருங்க. அப்புறம் அரை மணி நேரம் டிராஃபிக்ல ஓட்டி, சூடானதும் மறுபடி பாருங்க. ஸ்கேனர் போட்டு கியர்பாக்ஸ் எரர் கோடு பார்க்கச் சொல்லுங்க.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல சென்னை, திருவள்ளூர் பக்கம் நிறைய வண்டி தண்ணியில நின்னுச்சு. கியர்பாக்ஸ்குள்ள தண்ணி போயிருந்தா ஆயில் பால் கலந்த மாதிரி இருக்கும். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் வரலாறும் கேளுங்க.

"இத்தனை வருஷம் மாத்தல, இப்போ மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும்"னு சில பேர் சொல்வாங்க. அதுல கொஞ்சம் உண்மை இருக்கு. ஏற்கனவே கிளட்ச் தேய்ஞ்சு வழுக்கற கியர்பாக்ஸ்ல புது ஆயில் அந்த நோயை வெளியே கொண்டு வரும். ஆனா விக்கறவரே அப்படிச் சொன்னா, வண்டி நல்லா இல்லன்னு அவரே ஒத்துக்கறார். நன்றி சொல்லிட்டுக் கிளம்புங்க.

டீலர் லாபத்துல 18% ஜிஎஸ்டி கட்டறார், அதுவும் உங்க விலைக்குள்ளதான் இருக்கு. ஓனர்கிட்ட நேரடியா வாங்கினா அந்த வரி இல்ல. மிச்சமாகற பணத்துல ஒரு பங்கை நல்ல மெக்கானிக் பரிசோதனைக்கு ஒதுக்குங்க.

வாங்கின பிறகு, மாசம் ரூ.1,500 தனி ஆர்.டி. போடுங்க. அஞ்சு வருஷத்துல வட்டி இல்லாமலே ரூ.90,000 சேரும். கம்பெனிக் கணக்குல இதுக்கு ஒதுக்கீடுன்னு பேரு. எதுவும் ஆகலன்னா அடுத்த காருக்கு அதுவே முன்பணம்.